கதவைப் பார்க்காதீர்கள், ஐஸைப் பாருங்கள்

பெரிய நகரத்தில் பாருக்குப் பஞ்சமே இல்லை, நல்ல காக்டெயிலுக்குத்தான் பஞ்சம். நியான் பலகை, வெல்வெட் சோபா, முப்பது பக்க மெனு எல்லாம் இருக்கும். கிளாஸில் வருவது பாக்கெட் ஜூஸும் பாதி உருகிய ஐஸுமாக இருக்கும். வெளியே நின்று பார்த்தால் நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் தெரிவது கவுன்டருக்கு அந்தப் பக்கம், பார்டெண்டரின் இடுப்பு உயரத்தில் இருக்கிற ஒரு முழ அகல இடத்தில். ஐஸ் பெட்டி, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, அளவு பார்க்கும் ஜிக்கர், குளிர்பெட்டி. இந்த ஐந்தையும் பத்து நிமிடம் கவனித்தால் அந்த பாரைப் பற்றித் தெரிய வேண்டியதில் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

கிளம்புவதற்கு முன் போனில் கொஞ்சம் சலித்துக்கொள்வது நல்லது. மேப்பில் ‘பார்’ என்று தேடினால் நூற்றுக்கணக்கில் கொட்டும், பயனில்லை. ‘டைக்கிரி’, ‘நெக்ரோனி’ என்று காக்டெயிலின் பெயரையோ, ‘வெர்மூத்’, ‘மெஸ்கால்’ என்று மதுவின் பெயரையோ போட்டுத் தேடுங்கள். ரிவ்யூவுக்குள் இருக்கும் சொற்களும் தேடலில் அகப்படும். நெக்ரோனியைப் பற்றி இரண்டு வரி மெனக்கெட்டு எழுதுகிற ஆள் போகிற இடத்தில் நெக்ரோனி ஒழுங்காக இருக்க வாய்ப்பு அதிகம். நட்சத்திரக் கணக்கை நம்ப வேண்டாம். அது பாதிக்கு மேல் பாட்டு, கூட்டம், இடம் கிடைத்த வேகம் இவற்றுக்கான மதிப்பெண். படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். தேதி எழுதி ஒட்டிய பாட்டில்களும், கெட்டியான சதுர ஐஸும் கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

மெனு கிடைத்தால் அதையும் படியுங்கள். பத்திலிருந்து பதினைந்து காக்டெயில், ஒவ்வொன்றிலும் என்ன மது, என்ன சேர்மானம் என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் நம்பிப் போகலாம். அறுபது காக்டெயில் எழுதியிருந்தால் தயங்குங்கள். அறுபதுக்கும் தேவையான சாறு, பாகு, இலைகளை ஒரு சமையலறை தினமும் புதிதாக வைத்திருக்க முடியாது. எங்கோ ஓர் இடத்தில் பாட்டில் கலவை நுழைந்துதான் தீரும். பெயரும் ‘பழச் சுவை’, ‘நீல நிறம்’ என்ற வர்ணனையும் மட்டும் இருந்து, மது என்னவென்றே சொல்லாத மெனுவைத் தாராளமாக ஒதுக்கலாம்.

விருதுப் பட்டியல்களுக்குப் பயன் உண்டு, ஆனால் வேறு விதத்தில். உலகின் 50 சிறந்த பார்கள் பட்டியல் 2009 முதல் வருகிறது. அதில் இடம்பெற்ற பாரில் வெள்ளிக்கிழமை இரவு நிற்கக்கூட இடம் கிடைக்காது. அங்கே வேலை கற்றுக்கொண்டு வெளியே வந்து, ஒதுக்குப்புறமான தெருவில் சொந்தமாகத் தொடங்கியவர் யார் என்று தேடுங்கள். நுணுக்கம் அதேதான், கூட்டம்தான் கால்வாசி.

ரகசியக் கதவு வைத்த பார்களின் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1920 முதல் 1933 வரை பார்கள் ஒளிந்து நடந்ததற்குக் காரணம் இருந்தது. பிறகு 1999 கடைசியில் சாஷா பெட்ராஸ்கி என்ற பார்டெண்டர் நியூயார்க்கில் ‘மில்க் அண்ட் ஹனி’ என்ற பாரைத் திறந்தபோது பெயர்ப்பலகை வைக்கவில்லை, அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாத அமைதியான இடமாக அது இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். உள்ளே நடந்ததுதான் பெரிய விஷயம்: ஒவ்வொரு ஊற்றலுக்கும் ஜிக்கர், புதிதாகப் பிழிந்த சாறு, கையால் வெட்டிய பெரிய ஐஸ். அதற்குப் பின் உலகம் முழுக்க எத்தனையோ பேர் கதவை மட்டும் நகலெடுத்துக்கொண்டு ஐஸை விட்டுவிட்டார்கள். புத்தக அலமாரியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைவது ஒரு நிமிட சந்தோஷம். கிளாஸ் உங்கள் கையில் இருபது நிமிடம் இருக்கப்போகிறது.

போகிற நேரம் மிக முக்கியம். வார நடுவில், பார் திறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் போங்கள். சாறு அப்போதுதான் பிழிந்திருக்கும், ஐஸ் உருகாமல், மேலே ஈரமில்லாமல் இருக்கும், பார்டெண்டருக்குப் பேசவும் நேரம் இருக்கும். வார இறுதியில் இரவு பத்து மணிக்கு அதே ஆள் ஒரே சமயத்தில் ஆறு கிளாஸ் போட்டுக்கொண்டிருப்பார். பன்னிரண்டு நொடி குலுக்க வேண்டியதை ஆறு நொடியில் முடிப்பார். அந்த நேரத்தில் குடித்துவிட்டு பாரை எடைபோட்டால் அது அவருக்குச் செய்கிற அநியாயம். மேஜையில் உட்காராமல் கவுன்டர் ஸ்டூலில், ஐஸ் பெட்டிக்கு நேர் எதிரே இடம் பிடியுங்கள்.

இப்போது ஐஸ். கலந்து முடித்த ஒரு காக்டெயிலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை ஐஸ் உருகிய தண்ணீர்தான். இது கலப்படம் இல்லை, அதுவும் ஒரு சேர்மானம். ஒரு கிராம் ஐஸ் உருக ஏறக்குறைய 80 கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது; கிளாஸின் குளிர்ச்சியில் பெரும்பகுதி அந்த உருகலிலிருந்து வருகிறது. ஆல்கஹால் சேர்ந்த திரவம் பூஜ்யத்தில் உறையாது என்பதால், நன்றாகக் குலுக்கினால் பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி வரைகூட இறங்கும். கோளாறு வருவது ஈர ஐஸால். மணிக்கணக்காகப் பெட்டியில் கிடந்த சின்னச் சின்ன, நடுவில் குழி விழுந்த கட்டிகளின் மேல் உருகிய தண்ணீர் ஏற்கெனவே ஒட்டியிருக்கும். அது குளிர்ச்சிக்குப் பெரிதாக உதவாமல் நேராகக் கிளாஸுக்குள் போய் எல்லாவற்றையும் நீர்க்க வைக்கும். ‘காக்டெயில் சப்பென்று இருக்கிறது’ என்று சொல்பவர்கள் மதுவைக் குறைத்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். பல நேரம் மது சரியாகத்தான் இருக்கும், ஐஸ்தான் கெடுத்திருக்கும்.

ஆகவே கவனியுங்கள்: கட்டிகள் ஓரம் மழுங்காமல், உள்ளே குழியில்லாமல், பக்கத்துக்கு மூன்று சென்டிமீட்டர் அளவில் இருக்கிறதா? குலுக்குகிற குவளையான ஷேக்கரை வாய் வரை ஐஸால் நிரப்புகிறாரா, நாலு கட்டி போட்டுக் குலுக்குகிறாரா? அள்ளுவது உலோகக் கரண்டியாலா? கிளாஸாலேயே ஐஸை அள்ளுகிற பாரில் அடுத்த கிளாஸ் சொல்லாதீர்கள். ஒரு சில்லு உடைந்து பெட்டிக்குள் விழுந்தால் ஐஸுக்கும் கண்ணாடிக்கும் வித்தியாசம் தெரியாது, பெட்டி முழுவதையும் கொட்டியாக வேண்டும்.

கண்ணாடி மாதிரி தெளிந்த பெரிய ஐஸைப் பார்த்ததும் மயங்கவும் வேண்டாம். ஒரே திசையிலிருந்து மெதுவாக உறைய வைத்தால் காற்றும் அழுக்கும் மறுபக்கம் தள்ளப்பட்டு ஐஸ் தெளிகிறது. இதற்கென்றே உள்ள இயந்திரங்களில் 136 கிலோ எடையுள்ள பாளமாக எடுத்து ரம்பத்தால் அறுக்கிறார்கள். மெதுவாகக் குடிக்கிற ஓல்ட் ஃபேஷன்டு என்ற விஸ்கி காக்டெயிலுக்கு அந்தப் பெரிய கட்டி உண்மையிலேயே நல்லது, மெல்ல உருகும். குலுக்கி வடிகட்டுகிற காக்டெயிலுக்கோ தெளிவு அவசியமே இல்லை, கெட்டியாகவும் காய்ந்தும் இருந்தால் போதும்.

முதல் கிளாஸாக டைக்கிரி சொல்லுங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். மிக்ஸியில் ஐஸோடு அடித்த ஸ்ட்ராபெரி டைக்கிரி இல்லை. குலுக்கி, வடிகட்டி, தண்டுள்ள கிளாஸில் வருகிற வெறும் டைக்கிரி. வெள்ளை ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 22 மில்லி, சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கரைத்த பாகு 20 மில்லி. மூன்றே பொருள், ஒளிந்துகொள்ள இடமில்லை. ‘எங்களிடம் அடித்ததுதான் இருக்கிறது’ என்று பதில் வந்தால் பரீட்சை அங்கேயே முடிந்தது.

செய்வதைப் பாருங்கள். சாறு எதிலிருந்து வருகிறது? கண் முன்னே பிழிந்தால் சிறப்பு, அன்று பிழிந்து சின்ன பாட்டிலில் ஐஸில் வைத்திருந்தாலும் குறையில்லை. நேற்றைய சாறு கசக்கும். பாட்டிலில் விற்கிற சாற்றில் புளிப்பு மட்டும் இருக்கும், மணம் இருக்காது. ஜிக்கரில் விளிம்பு வரை ஊற்றுகிறாரா? கையோட்டமாக ஊற்றுவது பார்க்க அழகு, ஆனால் சாறும் பாகும் 5 மில்லி தவறினாலே டைக்கிரி சாய்ந்துவிடும். ஷேக்கரை மூடி, தோளுயரத்துக்கு எடுத்து, பத்துப் பன்னிரண்டு நொடி வேகமாகக் குலுக்க வேண்டும். முதலில் கடகடவென்று கேட்கிற சத்தம் முடிவில் மங்கிப்போகும். ஷேக்கரின் வெளியே வெள்ளையாகப் பனி படியும். அதற்கு மேலும் குலுக்குவதால் பெரிதாக லாபமில்லை, குளிர்ச்சி ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. சல்லடை வழியே வடித்து, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கிளாஸில் ஊற்றினால் மேலே பொடி நுரை நிற்கும். ஊற்றுவதற்கு முன் ஸ்ட்ரா நுனியில் ஒரு சொட்டு தொட்டு ருசி பார்க்கிறாரென்றால், அந்த ஆளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை ஒவ்வொரு நாளும் ஒரே புளிப்பில் இருப்பதில்லை, அது தெரிந்த கை அது.

முதல் வாயிலேயே பாதி புரியும். தொண்டையில் மது எரிந்தால் குலுக்கியது போதவில்லை. சப்பென்று இருந்தால் ஈர ஐஸ், அல்லது ஊற்றிய பிறகு யாராவது எடுத்துப்போகக் காத்துக் கிடந்திருக்கிறது. நாக்கின் பின்புறம் கசந்தால் பழைய சாறு. இனிப்புத் தூக்கலாக இருந்தால் பெரும்பாலும் பாகில் குழப்பம்: ஒன்றுக்கு ஒன்று பாகில் 20 மில்லிக்கு ஏறக்குறைய 12 கிராம் சர்க்கரை இருக்கும், இரண்டுக்கு ஒன்று என்று காய்ச்சிய கெட்டிப் பாகில் அதே 20 மில்லியில் 17, 18 கிராம் வந்துவிடும். எழுதி வைத்த அளவு ஒரு பாகுக்கு, கையில் இருப்பது வேறு பாகு. புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் அடிக்கடி நடப்பது.

அவசரமாக மடக்கிவிடாதீர்கள். கடைசி கால் பங்கை, கொஞ்சம் சூடேறிய பிறகு குடித்துப் பாருங்கள். சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு அடங்கித் தெரியும். குளிர் விட்டதும் மறைத்து வைத்த சர்க்கரையெல்லாம் வெளியே வரும். கடைசி வாய் வரை புளிப்பும் இனிப்பும் சண்டையில்லாமல் வந்தால் அது நல்ல டைக்கிரி.

சரியில்லை என்றால் சொல்லலாம், ஆனால் பாதி குடித்துவிட்டுச் சொல்லக்கூடாது. முதல் வாய்க்குப் பிறகு, என்ன குறை என்று குறிப்பாக: ‘கொஞ்சம் புளிப்பு தூக்கலா இருக்குங்க, சரி பண்ண முடியுமா?’ நல்ல பார்டெண்டர் முகம் சுளிக்க மாட்டார். பல பேர் முதலில் தாங்களே ஒரு சொட்டு ருசி பார்த்துவிட்டு, வாதாடாமல் புதிதாகவே போட்டுத் தருவார்கள்.

ரம் பிடிக்காதவர்கள் நெக்ரோனி சொல்லுங்கள். ஜின், கம்பாரி என்ற கசப்பு மது, சிவப்பு வெர்மூத் மூன்றும் தலா 30 மில்லி. இங்கே பரீட்சை வெர்மூத்துக்கு. அது 15 முதல் 18 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின்தான். மூலிகை சேர்த்து, கொஞ்சம் மது கூட்டியிருப்பார்கள். திறந்த நாளிலிருந்து காற்றுபட்டு மணம் மங்கத் தொடங்கும். குளிர்பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். விஸ்கி பாட்டில்களோடு வெளிச்சத்தில் மாதக்கணக்காக நிற்கிற வெர்மூத் பழைய திராட்சையும் காடியும் கலந்த வாசனைக்கு வந்துவிடும். நெக்ரோனியில் கம்பாரியின் கசப்பு அதைக் கொஞ்சம் மூடிவிடும். விஸ்கியோடு வெர்மூத் சேர்கிற மன்ஹாட்டனில் மூட முடியாது, மார்ட்டினியில் சுத்தமாக முடியாது. அதனால் மார்ட்டினி சொல்வதற்கு முன் ‘வெர்மூத் குளிர்பெட்டியிலா வைக்கிறீங்க?’ என்று கேட்டுவிடுங்கள். யோசிக்காமல் கதவைத் திறந்து பாட்டிலைக் காட்டினால் தைரியமாகச் சொல்லலாம்.

மார்ட்டினிக்கு இன்னொரு விஷயம், கிளாஸின் அளவு. 60 மில்லி ஜினும் 10, 15 மில்லி வெர்மூத்தும் அரை நிமிடம் ஐஸில் கிளறினால் மொத்தம் நூறு மில்லியை ஒட்டித்தான் வரும். அது சின்னக் கிளாஸில் வர வேண்டும். கால் லிட்டர் பிடிக்கிற அகலக் கிளாஸில் வந்தால், ஒன்று அடியில் கொஞ்சம் தேங்கி நின்று சீக்கிரம் சூடாகும், அல்லது நிரப்புவதற்காக இரண்டு மடங்கு மது ஊற்றியிருப்பார்கள்.

ஓல்ட் ஃபேஷன்டு காக்டெயிலின் மூல வடிவத்துக்கு மிக நெருக்கமானது. 1806-இல் நியூயார்க் மாநிலத்துப் பத்திரிகை ஒன்று காக்டெயில் என்றால் மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் (சொட்டுச் சொட்டாக விடுகிற கசப்பு மூலிகைச் சாறு) என்று விளக்கம் எழுதியது. அந்த நான்கும்தான் இன்றும் இதில் இருக்கின்றன. விஸ்கி 60 மில்லி, பாகு 5 முதல் 7 மில்லி, பிட்டர்ஸ் இரண்டு மூன்று உதறல், தண்ணீர் ஐஸிலிருந்து. ஆரஞ்சுத் துண்டையும் செர்ரியையும் நசுக்கிப் போட்டு சோடா ஊற்றினால் அது வேறு பானம். ஆரஞ்சுத் தோலை எங்கிருந்து எடுக்கிறார் என்று மட்டும் பாருங்கள். அப்போதே சீவி, கிளாஸுக்கு மேல் முறுக்கினால் எண்ணெய் படலமாக மினுங்கும், மூக்கை எட்டும். மதியமே சீவித் தட்டில் அடுக்கிய தோல் காய்ந்துபோயிருக்கும், முறுக்கினால் ஒன்றும் வராது, அலங்காரம்தான்.

உயரக் கிளாஸில் சோடாவோடு வருகிற ஹைபாலுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே: சோடா குளிர்ந்ததா? குளிராத சோடாவில் வாயு தங்காது, ஐஸைத் தொட்டதும் பொங்கிப் போய்விடும். ஊற்றியபின் கரண்டியால் ஒரு தடவை அடியிலிருந்து தூக்கிவிட்டால் போதும், கலக்கு கலக்கென்று கலக்கக் கூடாது. முட்டை வெள்ளை போடுகிற காக்டெயில்களில் நுரை ஆறியதும் ஈரநாய் வாசனை வரும். மேலே விடுகிற பிட்டர்ஸ் சொட்டுகள் அதை அடக்கத்தான்.

முதல் கிளாஸ் தேறிவிட்டால் இரண்டாவதை அவர் கையில் விடுங்கள். ‘ஏதாவது நல்லதா குடுங்க’ என்று மொட்டையாகச் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று விவரம் கொடுங்கள்: எந்த மது, புளிப்பா கசப்பா, லேசானதா வீரியமானதா. ‘ஜின், கசப்பா, நின்னு பேசற மாதிரி வீரியமா’ என்றால் நல்ல ஆளுக்கு ஐந்தாறு வழி உடனே தோன்றும். பிடிக்காததையும் சொல்லிவிடுங்கள், புகை மணமோ சோம்பு மணமோ. பிடித்ததைவிட அது அவருக்கு அதிகம் உதவும்.

கிளம்புவதற்கு முன் கேட்கிற கேள்விதான் பெரிய நகரத்தையே திறக்கிற சாவி. ‘பக்கத்தில் நல்ல பார் எது?’ என்று கேட்டால் எல்லாருக்கும் சொல்கிற பதிலே வரும். ‘உங்க லீவு நாள்ல நீங்க எங்க போய் குடிப்பீங்க?’ என்று கேளுங்கள். அதைவிடவும் நல்லது, ‘இந்த ஊர்ல டைக்கிரி யார் நல்லா போடறாங்க?’ இடத்தைக் கேட்காமல் ஆளைக் கேட்க வேண்டும், ஏனென்றால் பார்டெண்டர்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள், கைப்பக்குவமும் அவர்களோடு போய்விடும். மூன்று பாரில் மூன்று பேரிடம் கேளுங்கள். ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் மறுநாளே அங்கே போய்விடுங்கள். அங்கே ‘இன்னார் அனுப்பினார்’ என்று சொல்ல மறக்காதீர்கள், இந்தத் தொழிலில் அது பெரிய அறிமுகம்.

ஒரு இரவுக்கு இரண்டு பார், மொத்தம் மூன்று கிளாஸ் போதும். 40 சதவீத மது 60 மில்லியில் சுத்த ஆல்கஹால் 24 மில்லி, எடையில் 19 கிராம். உடல் அதை மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் கரைக்கும். ஒரு டைக்கிரிக்கே ஏறக்குறைய இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும் என்று கணக்கு. மூன்றாவதுக்குப் பிறகு நாக்கு மழுங்கிவிடும், நாலாவது நன்றாக இருந்ததா என்று மறுநாள் சொல்லத் தெரியாது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவில் ஒரு கிளாஸ் தண்ணீர், லேசானதிலிருந்து வீரியமானதுக்கு. வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

திரும்புகிற வழியில் போனில் நாலு வரி எழுதி வையுங்கள்: என்ன குடித்தீர்கள், யார் போட்டார், என்ன கிழமை, எத்தனை மணி. ஒரே நாளை வைத்து ஒரு பாரை உங்கள் பார் என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டு வாரம் கழித்து வேறு கிழமையில், வேறு ஆள் கவுன்டரில் நிற்கும்போது போய் அதே டைக்கிரியைச் சொல்லுங்கள். முதல் நாள் குடித்ததும் இதுவும் ஒன்றுபோல இருந்தால், அங்கே யாரோ அளவை எழுதி வைத்து, பாகை எடைபோட்டுக் காய்ச்சி, புது ஆளையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த பாரில் மெனுவின் மீதிப் பக்கங்களையும் நம்பித் திருப்பலாம்.